பௌதிகப் பிரயோக அறிவைப் பரீட்சித்தல்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இடைநிலைப் பாடசாலைகளில் பௌதிகவியல் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதைப் பாடத்திட்டத்திலும் பார்க்க வினாத்தாளே தீர்மானிக்கின்றது. பாடத்திட்டம் எதனை வலியுறுத்தினும், பரீட்சையில் எது கேட்கப்படுகின்றதோ அதுவே வகுப்பறையிற் பாடமாகின்றது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஆதலின், விஞ்ஞானக் கல்வியைச் சீர்திருத்த விழைவோர் வினாத்தாளிலிருந்தே தொடங்கவேண்டியவராகின்றனர். பௌதிகப் பிரயோக அறிவு எனப்படுவது யாது, அதனை எழுத்துப் பரீட்சையால் அளக்க இயலுமா, இயலுமாயின் அதற்கு எத்தகைய வினாக்கள் வேண்டும் என்பனவற்றைக் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரீட்சையும் அதன் நிழலும்

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புக்களில் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை யாவர்க்கும் உரிய பாடமாக்கியது. அதன் வழிவந்த புதிய பொதுப் பரீட்சை 1975இல் முதன்முறையாக நடைபெற்றது. சூழலோடு இணைந்த கல்வி என்பது அக்காலத்து முழக்கங்களுள் ஒன்று. அப்பரீட்சை நெடுங்காலம் நிலைக்கவில்லை; க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை அப்பத்தாண்டு முடியுமுன்னரே மீண்டும் வந்தது. ஆயினும் சூழலிலிருந்து விஞ்ஞானத்தைக் கற்றல் என்ற எண்ணம் பாடநூல்களின் முன்னுரைகளில் எஞ்சி நின்றது. வினாத்தாள்களில் அது எந்த அளவுக்கு வேரூன்றியது என்பதே கேள்வி.

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியற் பரீட்சையில், முதலாம் வினாத்தாள் ஐந்து விடைகளிலிருந்து ஒன்றைத் தெரியும் 50 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. இரண்டாம் வினாத்தாள் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும் ஆகும். தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. ஆய்வுகூடப் பரிசோதனைகள் பற்றிய வினாக்கள் எழுத்திலேயே கேட்கப்படுகின்றன. இதன் விளைவு வெளிப்படையானது. வேணியர் இடுக்கிமானியை ஒருபோதும் கையிலெடுத்திராத மாணவன், அதன் படத்தையும் பூச்சிய வழுவின் திருத்தத்தையும் மனனம் செய்து முழுப்புள்ளி பெறலாம். கருவியை நாள்தோறும் கையாண்டும் அதுபற்றிய வாக்கியத்தைப் பரீட்சை மொழியில் அமைக்கத் தெரியாதவன் புள்ளி இழக்கலாம்.

பரீட்சைப் புள்ளி இந்நாட்டில் அரசியற் பொருளாகவும் இருந்து வந்துள்ளது. 1971இல் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தபோது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு அனுமதி பெறச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை வந்தது. இவை யாவும் புள்ளிகளை எவ்வாறு சீர்செய்வது, பங்கிடுவது என்பன பற்றிய விவாதங்கள். அப்புள்ளி மாணவனிடத்து எதனை அளந்தது என்ற வினா இவ்விவாதங்களின் நிழலிலேயே மறைந்துபோயிற்று.

2. பிரயோகம் எனப்படுவது யாது?

பௌதிகவியல் வினாக்களை மூன்று படிகளாக வகுத்து நோக்கலாம். முதலாவது, சூத்திரத்தில் எண்ணைப் பிரதியிடும் வினா. இரண்டாவது, பழகிய பயிற்சியைச் சிறிது மாற்றிக் கேட்கும் வினா. மூன்றாவது, மாணவன் முன்னர் கண்டிராத நிலைமையொன்றைத் தந்து, எந்தத் தத்துவம் இங்குப் பொருந்தும் என்பதை அவனே தெரியுமாறு விடும் வினா. மூன்றாவதே பிரயோக வினா. சூத்திரம் தரப்படுமிடத்தும், தந்த எண்கள் யாவும் ஒரே சூத்திரத்தைச் சுட்டுமிடத்தும் பிரயோகம் என்பதற்கு இடமில்லை.

முதலிரு படிகளில் வல்ல மாணவர் மூன்றாம் படியில் இடறுவது எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அரிசோனா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்தெனெசும் அவருடைய துணைவரும் விசை பற்றிய அடிப்படைக் கருத்துக்களைச் சோதிக்கும் பல்தேர்வு வினாத்தொகுதி ஒன்றை 1992இல் வெளியிட்டனர். அதிற் கணிப்புக்கு இடமில்லை. பிழையான விடைகள் ஒவ்வொன்றும், மாணவர் நாளாந்த அனுபவத்திலிருந்து கொண்டுவரும் தவறான எண்ணமொன்றைப் பிரதிபலிப்பன. ரிச்சர்ட் ஹேக் என்பார் 6,000 மாணவருக்கு மேற்பட்டோரின் பெறுபேறுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், மரபான விரிவுரை வகுப்புக்களில் மாணவர் அடையக்கூடியதாயிருந்த முன்னேற்றத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கையே அடைந்தனர் எனக் காட்டினார். மாணவரை விவாதத்திலும் செயலிலும் ஈடுபடுத்திய வகுப்புக்களில் அது ஏறத்தாழ அரைவாசியாயிற்று. நல்ல வினாத்தொகுதி ஒன்று மாணவனை மட்டுமன்றிக் கற்பித்தலையும் பரீட்சிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

3. கண்டிச் சூழலிலிருந்து மூன்று வினாக்கள்

கண்டிப் பிரதேசம் பிரயோகப் பௌதிகத்துக்குத் திறந்துவைத்த ஆய்வுகூடம் போன்றது. மூன்று எடுத்துக்காட்டுக்களை இங்கு நோக்குவோம்.

முதலாவது, கடுகண்ணாவைப் புகையிரதப் பாதை. 1867இல் கண்டியை எட்டிய இப்பாதை, ரம்புக்கணையைக் கடந்தபின் 44க்கு 1 என்ற சரிவில் மலையேறுகின்றது. 300 தொன் திணிவுள்ள புகையிரதம் ஒன்று இச்சரிவில் மாறா வேகத்துடன் ஏறுகின்றது எனக் கொள்வோம். நிறையின் சரிவுவழிக் கூறு ஏறத்தாழ 68,000 நியூற்றன் எனக் கணித்தல் பயிற்சி வினா. எஞ்சினின் இழுவை விசை, அக்கூறும் உராய்வும் சேர்ந்த தொகையிலும் கூடியதா, சமமானதா, குறைந்ததா எனக் கேட்டல் பிரயோக வினா. மாறா வேகத்தில் விளையுள் விசை பூச்சியமாதலின் சமம் என்பதே விடை. மேலே ஏறுகின்றதெனின் இழுவை கூடுதலாகத்தான் இருக்கவேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் தவறு. நியூற்றனின் முதலாம் விதியை ஒப்புவிக்கும் மாணவரும் இத்தவறுக்கு ஆளாவர்.

இரண்டாவது, மகாவலியின் குறுக்கே தெல்தெனியாவுக்கு அண்மையில் அமைந்து 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரமான இவ்வில்லணையின் மின்நிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. நீர் மேற்பரப்பிலிருந்து 100 மீற்றர் ஆழத்தில் நீரினால் உண்டாகும் அமுக்கம் ஏறத்தாழ பத்து இலட்சம் பசுக்கால், அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. இது பிரதியீடு. அணைக்குப் பின்னாலுள்ள நீர்த்தேக்கம் ஒரு கிலோமீற்றர் நீளமாயினும் பத்துக் கிலோமீற்றர் நீளமாயினும், நீர்மட்டம் மாறாதிருப்பின் அணைமீதான உதைப்பு வேறுபடுமா என்பது பிரயோகம். அமுக்கம் ஆழத்தைச் சார்ந்ததேயன்றித் தேங்கிய நீரின் மொத்த அளவைச் சார்ந்ததன்று என்பதை விளங்கிய மாணவனே வேறுபடாது என்பான். இதனைத் தொடர்ந்து, அணை நீர்ப்பக்கமாக வளைந்திருப்பது ஏன் எனவும் கேட்கலாம். நீரின் உதைப்பு வளைவின் வழியே இருமருங்கிலுமுள்ள பாறைகளுக்குக் கடத்தப்படுகின்றது. கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்குமளவுக்கு இழுவையைத் தாங்காது என்பது விடையின் சாரம்.

மூன்றாவது, தேயிலைத் தொழிற்சாலை. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்று இன்று தேயிலை அரும்பொருட்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கு மாணவரை அழைத்துச் சென்று வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல் ஆகிய படிகளை விளக்கலாம். பச்சைக் கொழுந்தின் திணிவில் முக்காற் பங்கிற்கும் மேலானது நீரே. மழைநாளில் கொழுந்து வாடுவதற்கு நேரம் கூடுகின்றது. அப்போது சிறிது சூடாக்கிய காற்றை ஊதுவர். சூடாக்குவதால் காற்றில் நிகழும் மாற்றம் யாது? காற்றிலுள்ள நீராவி அழிந்துவிடுகின்றது என்பது பொதுவான தவறு. 20 பாகை செல்சியசில் நிரம்பலுற்ற காற்றை 25 பாகைக்குச் சூடாக்கின், நீராவியின் அளவு மாறாதிருக்கச் சார் ஈரப்பதன் நூறு சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 74 சதவீதமாகக் குறைகின்றது. பனிபடுநிலை மாறுவதில்லை. இவ்வொரு வினாவிலேயே நிரம்பல் ஆவியமுக்கம், சார் ஈரப்பதன், பனிபடுநிலை என்னும் மூன்று கருத்துக்களும் சோதிக்கப்படுகின்றன.

4. பௌதிகத்தையா, மொழியையா பரீட்சிக்கின்றோம்?

சூழலை வினாவிற் புகுத்துமிடத்து மொழி பற்றிய சிக்கல் எழுகின்றது. கொழுந்துக் கூடையைச் சுமந்து சமதரைப் பாதையில் மாறா வேகத்துடன் நடக்கும் பெண் கூடையின்மீது செய்த வேலை யாது என்ற வினாவுக்குப் பூச்சியம் என்பதே பௌதிகம் தரும் விடை. விசை மேல்நோக்கியும் இடப்பெயர்ச்சி கிடையாகவும் இருத்தலே காரணம். ஆனால் தோட்டத்தில் வேலை என்பது முழுப்பேர், அரைப்பேர் எனக் கணக்கிடப்பட்டுக் கூலியாகும் நாளுழைப்பு. தன் தாய் செய்வது வேலையன்று என எழுதுமாறு ஒரு பிள்ளையைக் கேட்கும் வினா, கலைச்சொல்லின் வரையறையைத் தெளிவுபடுத்தாவிடில் எதனையும் அளக்காது. கூடையின் புவியீர்ப்பு அழுத்தச் சக்தி மாறியதா, அவ்வாறாயின் அவளுடைய உடல் களைப்பது ஏன் எனக் கேட்பின், தசையினுள் இரசாயனச் சக்தி வெப்பமாகச் செலவாகின்றது என்ற விளக்கத்துக்கும் வழி பிறக்கும். முந்திய வடிவத்தில் அனுபவம் மாணவனுக்கு எதிரியாகின்றது. பிந்திய வடிவத்தில் அதுவே துணையாகின்றது.

கலைச்சொற் குழப்பம் இன்னொன்று. இலங்கைப் பாடநூல்களில் திணிவு, நிறை எனப்படுவன தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முறையே நிறை, எடை எனப்படுகின்றன. நிறை என்ற ஒரே சொல் அக்கரையில் கிலோகிராமிலும் இக்கரையில் நியூற்றனிலும் அளக்கப்படுகின்றது. நாம் அமுக்கம் என்பதை அவர்கள் அழுத்தம் என்பர். நமக்கோ அழுத்தம் மின்னியலுக்கு உரிய சொல். ஆர்முடுகல் அங்கு முடுக்கமாகின்றது. தமிழகத்து நூல்களையும் துணைக்கொள்ளும் மாணவன் இவ்விடத்து இழக்கும் புள்ளி பௌதிக அறியாமையால் இழந்த புள்ளியன்று. வினாவில் அலகைத் தவறாது குறித்தலும், ஐயத்துக்கிடமான சொல்லை அடைப்புக்குறியில் விளக்குதலும் எளிய பரிகாரங்கள்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாம். இன்றும் மலையகத்தின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. ஆய்வுகூடமும் ஆசிரியரும் பற்றாத இடத்தில், பிள்ளையைச் சூழ்ந்துள்ள அணையும் பாதையும் தொழிற்சாலையுமே அவனுக்கு எஞ்சிய கருவிகள். அவற்றுக்குப் புள்ளியில்லை எனப் பரீட்சை சொல்லுமாயின், அவனுடைய கடைசிக் கருவியையும் அது பறிக்கின்றது.

5. ஆட்சேபங்களும் செய்முறையும்

இம்முறைக்கு இரு ஆட்சேபங்கள் கூறப்படலாம். வாட்டுதொட்டியை அறியாத மன்னார் மாணவனுக்குத் தேயிலை வினா அநீதியாகாதா என்பது முதலாவது. இது நியாயமான ஆட்சேபம். விடைக்கு வேண்டிய செய்திகள் யாவும் வினாவின் தொடக்கத்திலேயே தரப்படவேண்டும். தேசிய வினாத்தாளில் கடல், வயல், மலை ஆகிய சூழல்கள் மாறிமாறி இடம்பெறவேண்டும். பிரதேசச் சூழலையே முழுதும் சார்ந்த வினாக்கள் பாடசாலையின் தவணைப் பரீட்சைக்கு உரியன.

காரணம் கேட்கும் வினாக்களைத் திருத்த நேரம் போதாது என்பது இரண்டாவது. இதற்கு இரு அடுக்கு வினா என்னும் முறை உதவும். டேவிட் ட்ரெகஸ்ற் என்பார் 1980களில் விருத்திசெய்த இம்முறையில், முதலடுக்கு விடையையும் இரண்டாமடுக்கு அதற்கான காரணத்தையும் பல்தேர்வாகக் கேட்கின்றன. இரண்டும் சரியாயின் மட்டுமே புள்ளி. ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு தெரிவுகள் இருப்பின், ஊகத்தால் புள்ளி பெறும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகக் குறைகின்றது.

வினாவின் தரத்தைக் கணிக்கப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. 40 மாணவர் கொண்ட வகுப்பில் மொத்தப் புள்ளியில் உயர்ந்த 11 பேரையும் தாழ்ந்த 11 பேரையும் பிரித்தெடுக்கவேண்டும். குறித்த வினாவுக்கு மேற்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியான விடை தந்திருப்பின், வேறுபாடாகிய 6ஐ 11ஆல் வகுக்க 0.55 கிடைக்கும். இது வினாவின் பிரித்தறியும் சுட்டி, 0.4க்கு மேற்படின் நல்ல வினா எனக் கொள்வது வழக்கம். பெறுமானம் மறையாயின் வினாவிலோ விடைச்சாவியிலோ குறையுண்டு. மேற்குழுவினரே ஒரே பிழையான விடையிற் குவிந்திருப்பின், மீளவும் நோக்கவேண்டியது வினாவின் சொல்லமைப்பையும் வகுப்பிற் கற்பித்த முறையையுமாகும்.

6. முடிவுரை

பேராதனையிற் பௌதிகவியலும் பொறியியலும் கல்வியியலும் ஒரே வளாகத்திற் கற்பிக்கப்படுகின்றன. அவ்வளாகத்தைச் சூழ்ந்த மலைகளில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் அப்பாடசாலைகளின் ஆசிரியரும் ஒருங்கிணைந்து, மேற்கூறிய முறையில் ஆண்டுக்கு இருபது வினாக்களை ஆக்கி, வகுப்பறையிற் பரீட்சித்து, சுட்டிகளைக் கணித்துத் தொகுத்துவரின், ஐந்தாண்டுகளில் நூறு வினாக்கள் கொண்ட வங்கியொன்று உருவாகும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தாளும் காபனும் போதிய காலத்திலேயே செய்திருக்கக்கூடிய பணி இது. ஆய்வுகூடமில்லாத பாடசாலையொன்றின் பதினோராம் வகுப்பில், அணை நீளமான ஏரியைத் தாங்குகின்றதா ஆழமான ஏரியைத் தாங்குகின்றதா எனப் பிள்ளைகள் தமக்குள் வாதிடத் தொடங்குவராயின், அவ்வினா தன் பணியைச் செய்ததெனலாம்.