தைமின் ஏன்? மரபெழுத்தில் ஒரு புள்ளி

உயிரின் செய்தியைச் சுமக்கும் நியூக்ளிக் அமிலங்கள் இரண்டு. டி.என்.ஏ. தலைமுறைகளுக்கென காக்கப்படும் மூலச்சுவடி, ஆர்.என்.ஏ.வோ பெரும்பாலும் அம்மூலத்திலிருந்து தேவைக்கேற்ப எடுக்கப்படும் படி. இரண்டும் நான்கு காரங்களையே எழுத்துகளாகக் கொண்டவை. அடினைன், குவானைன், சைட்டோசின் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது. நான்காவது எழுத்தில்தான் வேற்றுமை. டி.என்.ஏ.வில் அது தைமின், ஆர்.என்.ஏ.வில் யுராசில். ஒரே இடத்தை நிரப்பும் எழுத்துக்கு இரு வடிவங்கள் ஏன் வேண்டும்?

ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசலும் அவருடன் பணியாற்றிய நியூமனும் 1893இல் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து தைமினைப் பிரித்தெடுத்தனர். சுரப்பியின் பெயரே காரத்திற்கும் ஆயிற்று. 1900இல் கோசலின் ஆய்வுக்கூடத்திலேயே ஈஸ்டின் நியூக்ளிக் அமிலத்திலிருந்து யுராசில் கிடைத்தது.

இவ்விரு காரங்களையும் ஒப்பிட்டால், வேறுபாடு ஒரேயொரு மெத்தில் தொகுதிதான் என்பதைக் காண்கிறோம். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கூறு அது. அடினைனோடு இணைசேரும் பக்கம் இரண்டிலும் ஒன்றே. அரபு எழுத்தில் பா, தா, ஸா மூன்றும் வடிவால் ஒன்று. புள்ளிகளே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. மெத்தில் தொகுதியும் யுராசிலின்மேல் இடப்பட்ட அத்தகைய புள்ளியே எனலாம். இப்புள்ளி எளிதில் கிடைப்பதன்று. செல் முதலில் யுராசிலைக் கொண்ட கூறினை உருவாக்கி, பின்னர் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் துணையுடன் அதில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கிறது. இத்துணை முயற்சி எதற்கு?

விடை மற்றோர் எழுத்தாகிய சைட்டோசினில் உள்ளது. செல்லினுள் சூழ்ந்திருக்கும் நீரோடு வினைபுரிந்து சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழப்பதுண்டு. இழந்தால் அது யுராசிலாகிவிடும். மனிதச் செல் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குக் குறைந்தது 100 முறையேனும் இது நேர்வதாக மதிப்பிடப்படுகிறது. யுராசில் குவானைனோடு அன்றி அடினைனோடு இணைவதால், அடுத்த படியெடுப்பில் ஓர் எழுத்து நிலையாகப் பிறழ்ந்துவிடும்.

டி.என்.ஏ.வில் யுராசிலே முறையான எழுத்தாக இருந்திருப்பின், எது மூலத்தில் உள்ளது, எது சிதைவால் வந்தது எனப் பிரித்தறிய வழியில்லை. தைமின் இருப்பதால் விதி தெளிவாகிறது: டி.என்.ஏ.வில் காணும் புள்ளியற்ற யுராசில் பிழை. அதைக் கண்டு வெட்டி நீக்கும் நொதியை 1974இல் தாமஸ் லிண்டால் கண்டறிந்தார். டி.என்.ஏ. பழுதுநீக்கம் குறித்த ஆய்வுகளுக்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும், பால் மோட்ரிச், துருக்கியில் பிறந்த அசீஸ் சன்சார் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

ஆர்.என்.ஏ.வுக்கு இக்காவல் ஏன் இல்லை? செய்தி ஏந்தும் ஆர்.என்.ஏ. பாக்டீரியாவில் சில நிமிடங்களே நிலைக்கிறது. நம் செல்களிலும் பெரும்பாலும் சில மணி நேரமே. ஒரு படியில் பிழை நேர்ந்தாலும் மூலம் பழுதின்றி இருக்கிறது. புதிய படி எடுத்துக்கொள்ளலாம். விரைவில் அழியும் படிக்குப் புள்ளியிடுவது வீண்செலவு.

இப்புள்ளி குறைந்தால் நேர்வதை மருத்துவம் நன்கறியும். உணவில் ஃபோலேட் போதாதபோது தைமின் குறைந்து, யுராசில் டி.என்.ஏ.வில் மிகுதியாகப் புகுகிறது. பழுதுநீக்கும் நொதிகள் வெட்டிக்கொண்டே இருக்க, இழை அறுபடுகிறது. விரைந்து பெருகும் எலும்பு மச்சையின் செல்கள் முதலில் தளர்கின்றன, இரத்தச்சோகை தோன்றுகிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தும் தைமின் உருவாகும் இப்படிநிலையைத் தடுத்தே செயலாற்றுகிறது.

எனினும் இக்காவல் முழுமையானதன்று. நம் டி.என்.ஏ.வில் சில சைட்டோசின்களும் மெத்தில் தொகுதியை ஏற்றுள்ளன. அவை அமினோ தொகுதியை இழந்தால் தோன்றுவது யுராசில் அன்று, தைமினே. பிழை முறையான எழுத்தின் உருவிலேயே வருவதால், அதை இனங்காண்பது கடினம். மனித மரபில் இவ்விடங்களில் சடுதிமாற்றங்கள் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். புள்ளி வேறுபடுத்தும் இடங்களில் பிழை திருத்தப்படுகிறது. வேறுபடுத்தாத இடங்களிலோ பல நேரங்களில் அது தங்கிவிடுகிறது. ஒரு கார்பனையும் மூன்று ஹைட்ரஜனையும் சேர்க்க உயிர் ஏன் இவ்வளவு செலவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.