யார் இந்தப் பையன்?

"இந்த மூஞ்சியைப் பாருங்க சார். லாட்டரி அடிச்சவன் மாதிரியா இருக்கு?" என்று போனை என் பக்கம் திருப்பினார் நண்பர். மறு கையில் டீ கிளாஸ்.

பழைய வீடியோ. 2019 ஜூன் 21, கனடாவின் வான்கூவர் நகரம். அமெரிக்க, கனடிய ஐஸ் ஹாக்கி அணிகளின் லீக்கான என்ஹெச்எல், புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி "மோரிட்ஸ் சைடர்" என்று அறிவித்ததும், அரங்கில் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயது ஜெர்மன் பையன் வாயைப் பிளக்கிறான். டெட்ராய்டில் டி.வி. முன்னால் இருந்த ரசிகர்கள் பலரும் அப்படித்தான் வாயைப் பிளந்தார்கள். அவனுக்கு நம்ப முடியாத சந்தோஷம். இவர்களுக்கு "யார்ரா இவன்?"

இந்தத் தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஐபிஎல் ஏலத்தில் காசு பேசும். இங்கே காசுக்கு வேலையே இல்லை, வரிசைதான் பேசும். போன சீசனில் அடிவாங்கிய அணிகள் முன்னால் நிற்கும், ஜெயித்தவர்கள் பின்னால். ஒவ்வொருவராக வந்து ஒரு பையனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படி ஏழு சுற்று. எந்த ஊர் என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் முதல் இடத்துக்காக அணிகள் வேண்டுமென்றே தோற்கலாம் இல்லையா? அதனால் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குலுக்கல்தான் டெட்ராய்டின் முதல் வயிற்றெரிச்சல். 31 அணிகளில் கீழிருந்து நான்காவதாக முடித்தவர்கள், குலுக்கலில் ஆறாவது இடத்துக்குச் சறுக்கினார்கள். பன்னிரண்டாவதாக நின்ற சிகாகோ மூன்றாவதுக்குத் தாவியது. 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன் பிளேஆஃப் பார்த்துப் பழகிய ஊர் அது. தோற்றதற்குக் கூலியாக வரும் பையனாவது பெரிய ஆளாக இருக்க வேண்டாமா?

பெரிய ஆட்கள் இன்னும் மிச்சம் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ட்ரெவர் ஸீக்ரஸ், டிலன் கோசன்ஸ், கோல் காஃபீல்ட். கடைசி ஆளுக்குப் பெயரிலேயே கோல் இருக்கிறது. அந்த சீசனில் அமெரிக்க 18 வயதுக்குட்பட்டோர் அணிக்காக 64 ஆட்டத்தில் 72 கோல் அடித்திருந்தான். சைடர்? ஜெர்மன் லீக்கில் மன்ஹைம் அணிக்காக 29 ஆட்டம், 2 கோல், 4 அசிஸ்ட். பத்திரிகைகள் போட்ட பட்டியல்களில் பெரும்பாலும் பத்தாம் இடத்துக்குப் பின்னால்தான் அவன் பெயர் இருந்தது. கோபப்பட்டவர்களில் விவரமானவர்கள் கேட்டது இதுதான்: "அவன்தான் வேணும்னா நாலஞ்சு இடம் பின்னால இறங்கி, அதுக்குப் பதிலா இன்னொரு வாய்ப்பையும் வாங்கியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. என்னிடமும் இதற்கு முழு பதில் கிடையாது.

"ரெண்டே கோலா?" என்றார் நண்பர்.

அங்கேதான் கண்ணைக் கட்டுகிறது. சைடர் டிஃபென்ஸ்மேன். ஐஸ் மேல் ஓர் அணிக்கு ஆறு பேர்: கோலி ஒருவர், முன்னால் மூவர், பின்னால் இருவர். இந்த இருவரில் ஒருவன் அவன். எதிராளி பக்கோடு (அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை) பாய்ந்து வரும்போது, இவன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, அவனை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் சுவரோடு நெருக்கி, பக்கைப் பிடுங்கி, தன் ஆளுக்கு ஒழுங்காகத் தள்ளிவிட வேண்டும். நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. திருட்டு நடக்காத தெருவில் கூர்க்காவுக்குப் பேர் கிடைக்குமா?

இன்னொன்று, காஃபீல்ட் அடித்த 72 கோல் பெரும்பாலும் அவன் வயசுப் பையன்களுக்கு எதிராக. சைடர் ஆடியது முப்பது வயது ஆம்பிளைகளோடு. அவர்களோடு மோதிக்கொண்டு பதினேழு வயதில் அணியில் இடம் பிடித்தான். அந்த ஆண்டு மன்ஹைம் லீக்கையே ஜெயித்தது. ஆனால் டெட்ராய்டில் எத்தனை பேர் ஜெர்மன் லீக் பார்த்திருப்பார்கள்? அவர்கள் கோபம் பையன் மேல் அல்ல, கேள்விப்படாத பெயர் மேல்.

தடுப்பாட்டக்காரன் பழுக்க நாளாகும் என்பதும் அந்த ஊருக்குத் தெரியாததல்ல. அவர்களுடைய நிக்லாஸ் லிட்ஸ்ட்ராமை 1989-ல் 53-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதை அவர் ஏழு முறை வாங்கினார். இருந்தாலும் டிராஃப்ட் அன்று ராத்திரி யாருக்கும் லிட்ஸ்ட்ராம் ஞாபகம் வராது.

ரசிகர்களை அடக்கி வைத்தது ஒரே ஒரு பெயர்: ஸ்டீவ் ஐசர்மன். டெட்ராய்டுக்கு 22 சீசன் ஆடி, கேப்டனாக மூன்று முறை லீக்கின் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்துக் கொடுத்தவர். பொது மேலாளராகத் திரும்பி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் செய்வதற்கெல்லாம் "ஐசர்பிளான்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்று பாதிப் பேர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். வேறு யாராவது எடுத்திருந்தால் கிழித்திருப்பார்கள்.

பையன் ஒரு வருடம் கிராண்ட் ராபிட்ஸில், டெட்ராய்டின் கீழணியில் ஆடினான். அடுத்த வருடம் ஸ்வீடனில். 2021-22-ல் மேலே வந்தான்: 82 ஆட்டமும் ஆடி 7 கோல், 43 அசிஸ்ட். 2022-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவனுக்கு. இறுதிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஸீக்ரஸ்! "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றவர்களின் எண்ணிக்கை அந்த வாரம் திடீரென்று பெருகியிருக்கும். 2024-ல் ஏழு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 85.5 லட்சம் டாலர்.

"அப்போ கோப்பை?"

அது வேறு கதை. 2016-க்குப் பிறகு 2025 வரை ஒன்பது சீசன் டெட்ராய்ட் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. காஃபீல்டும் மாண்ட்ரியலில் கோலாக அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு கூர்க்காவை வைத்துக்கொண்டு ஊரையே காப்பாற்ற முடியாது. பாவம், அந்த ஊர்க்காரர்களுக்கு ஆக்டோபஸ் வீசக்கூட வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

"ஆக்டோபஸா?"

1952-ல் கோப்பைக்கு எட்டு வெற்றி தேவைப்பட்டது. மீன்கடைச் சகோதரர்கள் இருவர், எட்டுக் கால் கணக்குக்காக ஓர் ஆக்டோபஸை ஐஸ் மேல் வீசினார்கள். அன்றிலிருந்து பிளேஆஃப் வந்தால் வீசுவது வழக்கம்.

"அதை எப்படி சார் உள்ளே கொண்டுபோவாங்க?" என்றார். இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.