குப்பையும் உழைப்பும்: கண்டி நகரை முன்வைத்து ஒரு குறிப்பு

கண்டி நகரின் தூய்மையைப் போற்றுவோர் அதனை ஆக்கும் உழைப்பைப் பற்றிப் பேசுவது அரிது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் நகரசுத்திப் பணிக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மகியாவையில் இன்றும் வாழ்கின்றனர். சாதியும் வர்க்கமும் ஒன்றையொன்று இறுக்கும் நிலையை ஆங்கு நாம் காண்கிறோம்.

நகரின் கழிவு மகாவலியருகே கொஹாகொடையில் கொட்டப்பட்டு வந்துள்ளது. அவ்விடம் சேருமுன் அது தொழிலாளரின் கைகளைக் கடந்தாக வேண்டும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் கையைக் கிழிக்கின்றன. அக்காயத்தின் வழியே ஏற்புவலிக் கிருமி புகுகிறது. எலியின் சிறுநீர் கலந்த ஈரம் எலிக்காய்ச்சலைத் தருகிறது.

இதனைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்பது உண்மைக் காரணத்தை மறைப்பதாகும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயம் நேர்ந்த பின்னரே பேசுகிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ தொழிற்சாலை வளாகத்தை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. தெருவே தொழிற்களமானோருக்கு அதன் நிழல் எளிதில் எட்டுவதில்லை.

கையுறையும் காலணியும் இன்றியமையாதன. ஆயினும் அவை இறுதிக் காப்பே. ஆபத்தை அதன் தோற்றுவாயில் நீக்குவதே முதற்காப்பு. கண்ணாடியையும் ஊசியையும் வேறாக்கிப் பொதிந்து கொடுக்கும் கடமை வீட்டாருக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் உரியது. அக்கடமையை ஏற்காத நகரம் தன் தூய்மைக்கான விலையைப் பிறர் உடலிலிருந்தே பெறுகின்றது என்பது நம் துணிபு.