தயிர்தானா இது? பாட்டியின் சோதனை

எங்கள் புளோக்கின் கீழே இருந்த மளிகைக் கடை சென்ற ஆண்டு மூடப்பட்டது. கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் யாரும் எடுத்து நடத்த முன்வரவில்லை. சில மாதங்கள் இழுகதவு பூட்டியே கிடந்தது. பிறகு ஒருநாள் வெள்ளைச் சுவரும் பச்சை எழுத்துமாக உறைதயிர்க் கடை ஒன்று முளைத்தது.

என் அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாக உப்பும் புளியும் வாங்கிய இடம். மின்தூக்கியை விட்டு இறங்கியதும் அந்தப் பக்கம் திரும்பாமலேயே சந்தைக்குப் போய்விடுவார். “தயிரைப் போய் யாராவது இவ்வளவு காசு கொடுத்து வாங்குவாங்களா?” என்பார். தினமும் இரவில் உறை ஊற்றிவிட்டுப் படுப்பவர் அப்படித்தான் கேட்பார்.

ஒன்பது வயது மகள் விடவில்லை. பாட்டி வந்தால்தான் நானும் போவேன் என்று அடம்பிடித்தாள். ஒரு சனிக்கிழமை மாலை மூவரும் இறங்கினோம்.

எனக்குத்தான் உள்ளூரக் கவலை. அம்மாவுக்கு நீரிழிவு. அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை இருந்தது. கண்ணாடியில் ‘கொழுப்பு 0%’ என்று பெரிதாக ஒட்டியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். “அப்போ எனக்கு ஆகும்” என்றார் அம்மா. கொழுப்பு இல்லையென்றால் சீனியும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான்.

உண்மையில் உறைதயிருக்குச் சீனி சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. வெறும் தயிரை உறைபெட்டியில் வைத்துப் பாருங்கள், கல்லாகிவிடும். சீனி கரைந்திருந்தால் தண்ணீர் அவ்வளவு எளிதில் பனிக்கட்டியாவதில்லை. இயந்திரம் குளிரூட்டிக்கொண்டே கடைந்து காற்றையும் சேர்க்கிறது. அதனால்தான் குழாயிலிருந்து பட்டுப்போலச் சுருண்டு விழுகிறது. கொழுப்பைக் குறைத்தால் வழவழப்பும் குறையும். அதைச் சரிக்கட்டுவதிலும் சீனிக்குப் பங்குண்டு.

கல்லாவில் நின்ற இளம்பெண்ணிடம் சீனி அளவு கேட்டேன். முகம் சுளிக்காமல் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். 100 கிராமுக்கு 18 கிராம். மனக்கணக்குப் போட்டேன். 150 கிராம் கிண்ணம் என்றால் 27 கிராம். அதில் ஏழெட்டுக் கிராம் பாலிலேயே இருக்கும் இயற்கைச் சர்க்கரை. மிச்சம் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சீனி. பெரியவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் சேர்ப்புச் சீனி இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணத்திலேயே ஏறத்தாழ பாதியை நெருங்கிவிடுகிறோம். மேலே ஊற்றும் சாக்லெட் குழம்பு இந்தக் கணக்கில் வரவில்லை!

பக்கத்துக் குமிழித் தேநீர்க் கடையில் ‘சி’, ‘டி’ என்று நியூட்ரி-கிரேட் முத்திரை தொங்குகிறது. கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து அது வந்துவிட்டது. கிண்ணத்தில் கரண்டி போட்டுச் சாப்பிடும் உறைதயிர் பானமல்ல, அதனால் முத்திரையும் இல்லை. நாமாகக் கேட்டால்தான் தெரியும். கேளுங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. “சரி, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நான் சும்மா உட்கார்றேன்” என்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மருத்துவர் எச்சரித்த நாளிலிருந்து கல்யாண வீடுகளில்கூட அவர் இப்படித்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

மகள்தான் வழி கண்டாள். ஒரே ஒரு சின்னக் கிண்ணம், மூன்று கரண்டி.

அம்மா எழுந்து கல்லாவுக்கே போனார். “அடிக், குராங் மானிஸ் போலே?” என்று தம் பழைய சந்தை மலாயில் இனிப்பைக் குறைக்கலாமா என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். தயிரில் குறைக்க முடியாதாம், மேலே போடுவதில் குறைக்கலாமாம். கீவிப் பழமும் பூசணி விதையும் எடுத்தோம். மிட்டாய்களின் பக்கம் கண்ணை ஓட்டிய மகளிடம், அவற்றில் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும் என்றேன். மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. கடைசியில் அம்மா, “சிடிசி பற்றுச்சீட்டு எடுப்பீங்களா?” என்று என்னைக் கேட்கச் சொன்னார். எடுத்தார்கள். கடையைப் பற்றிய அவர் கருத்து அந்த நிமிடமே பாதி மாறியது.

உறைதயிர் நமக்குப் புதிதல்ல. 2017 இறுதியில் இங்கிருந்த லாவ்லாவ் கடைகள் திடீரென யோலேயாக மாறியதும், மறு ஆண்டே லாவ்லாவ் திரும்பி வந்ததும் நம் இளையர்களுக்கு நினைவிருக்கும். இப்போது அது கடைத்தொகுதியை விட்டு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் கரண்டியை வாயில் வைத்த அம்மா கண்ணை மூடினார். “புளிப்பு இருக்கு” என்றார். பாராட்டுதான். நான்கு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார்! ஒரு கரண்டி உறைதயிரை அதில் போட்டு மூடினார்.

“எதுக்குப் பாட்டி?”

“நெஜமாவே தயிரான்னு பார்க்கணும்ல.”

அன்றிரவு பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உருகிப்போயிருந்த அந்த ஒரு கரண்டியைக் கலக்கிவைத்தார். உறைநிலையில் தயிர்க் கிருமிகள் எல்லாமே செத்துவிடுவதில்லை. பெரும்பாலும் தூங்கிக் கிடக்கும், வெதுவெதுப்பான பால் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். ஆனால் எல்லாக் கடையிலும் தயிர் உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் தயிரைக் கலந்தபின் மீண்டும் சூடாக்கிவிடுவதுண்டு.

அம்மா அன்று இரவு சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தோம். 9.4. தம் நோட்டுப் புத்தகத்தில் எண்ணை எழுதி, பக்கத்தில் ‘கடைத் தயிர், 4 கரண்டி’ என்று குறித்தார். மருந்தகத்தில் தாதியிடம் காட்டுவதற்காம்.

காலையில் ஆறு மணிக்கே சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது, ஆனாலும் உறைந்திருந்தது.

“அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு, தயிர்தான்னு” என்றார். பிறகு தாமே போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.