மேட்டுப்பாத்தியும் மேல்மண்ணும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள சித்தூர் வட்டத்தில் கோடை வறட்சி மிகுதி. இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர், வட்டவடைப் பகுதிகளில் நிலம் மலைச்சரிவாக அமைந்துள்ளது. தமிழகத்தையொட்டிய இவ்விரு பகுதிகளிலும் பாறையும் சரளையும் நிறைந்த வீட்டு முற்றங்களிலும் பள்ளி வளாகங்களிலும் காய்கறி வளர்க்க மேட்டுப்பாத்தி ஏற்றதாகும். சுற்றிலும் கல் அடுக்கிப் பாத்தி கட்டுவது எளிது. அதனை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே வினா.

3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் உயரமும் கொண்ட பாத்தியின் கொள்ளளவு 2.16 கனமீட்டர். இது முழுவதையும் மண்ணால் நிரப்பினால் இரண்டரை டன்னுக்கும் அதிகமான மண் வேண்டும். விலையைவிடப் பெரிய கேடு ஒன்றும் இதில் உண்டு. அந்த மண் ஏதேனும் ஒரு வயலிலிருந்தோ மலைச்சரிவிலிருந்தோதான் வெட்டி எடுக்கப்படுகிறது. நெல்வயல்களைக் காக்கக் கேரளம் 2008-ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. ஓரிடத்து வளத்தைச் சுரண்டி மற்றோரிடத்தை வளமாக்குவது வளர்ச்சியாகாது.

பெரும்பாலான காய்கறிகளின் ஊட்டவேர்கள் மேற்பகுதியிலேயே பரவுகின்றன. ஆகவே மேலே 20 சென்டிமீட்டர் மட்டும் மண்ணும் மக்கிய உரமும் சரிபாதியாக இருந்தால் போதும். இதற்கு 0.36 கனமீட்டர் மண்ணே தேவை. அதாவது மொத்தக் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு. எஞ்சிய பகுதியை உள்ளூர்க் கழிவுகளால் நிரப்பலாம்.

அடியில் உளுத்த மரத்துண்டுகளையும் தேங்காய் மட்டைகளையும் நெருக்கமாக அடுக்க வேண்டும். இவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கறையான் தொல்லையுள்ள இடங்களில் மரத்தைத் தவிர்ப்பது நலம். அதன்மேல், மறையூர்ப் பகுதியில் கரும்புச் சோகையையும், சித்தூர்ப் பகுதியில் தென்னை ஓலைத் துணுக்குகளையும் பரப்பலாம். இடையிடையே கிளைரிசிடியா தழையும் சாணக்கரைசலும் சேர்த்தல் இன்றியமையாதது. காய்ந்த கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் பயிர் வெளுத்துப்போகும். பசுந்தழை இக்குறையை ஈடுசெய்கிறது. யூகலிப்டஸ் இலைகள் பயிரின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பதால் அவற்றை விலக்க வேண்டும்.

கயிறு ஆலைகளில் குவியும் தென்னை நார்க்கழிவையும் பயன்படுத்தலாம். ஆனால் அப்படியே இடலாகாது. அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 1.5 கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால், ஏறக்குறைய இரண்டு மாதங்களில் அது மக்கி, விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்குக் குறைகிறது. மேலடுக்கில் மண்ணுடன் கலக்க இது தகுந்த உரமாகும்.

கழிவுகள் மக்கும்போது முதலாண்டில் பாத்தி கணிசமாக அமிழும். இது குறையன்று. ஒவ்வொரு பருவத்திலும் சிறிது மக்கிய உரம் இட்டு மட்டத்தை உயர்த்திக்கொள்ளலாம். முதற்பருவத்தில் கீரை, அவரை ஆகியவற்றையும், அடியடுக்கு மக்கிய பின்னர் காரட், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளையும் பயிரிடுவது பொருத்தம்.

ஊராட்சிகளும் கிருஷி பவன்களும் பள்ளித் தோட்டங்களுக்கான மதிப்பீட்டில் மண் வாங்கும் செலவைக் குறைத்து, கழிவு சேகரிப்பதற்கும் மக்கவைப்பதற்கும் இடமளித்தால் பணமும் மிஞ்சும். வயலின் மேல்மண்ணும் வயலிலேயே நிலைக்கும்.