எப்படித் தெரியும்? - 17: குகைக்குள் மணி பார்ப்பது யார்?

திருவக்கரைக் கல்மரங்களோடு இரண்டு வாரம் இருந்தோம். கிளையும் இலையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் கிடப்பதை வைத்தே, அவை ஆற்று வெள்ளம் அடித்துவந்து போட்டவை என்று முடிவு கட்டினார்கள் அல்லவா, அதுவரை போதும். இந்த வாரம் ‘கோட்பாடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் தளவானூர் போய்வந்துவிட்டேன்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரே பாறையைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் என்ற கோயிலை எடுத்தான். முகப்பு தெற்கே பார்க்கிறது. கருவறையோ பக்கச் சுவரில், கிழக்கு நோக்கி இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் கருவறை வாசலில் நின்றால் பொழுது என்னவென்று புரிபடுவதில்லை. தூண்களுக்கு மேலிருக்கும் மகர தோரணத்தைப் பார்க்கத்தான் போனேன். பார்த்து முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

குன்றின் பாறை இடுக்கிலிருந்து ஒரு வௌவால் வந்தது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிய ஓர் அம்மா நின்று, “வெளக்கு வெக்கிற நேரத்துக்குக் கெளம்பிடும் சார், ஒரு நாளும் தப்பாது” என்றார்.

“உள்ளே இருட்டில் தொங்குகிறவைக்குப் பொழுது சாய்ந்தது எப்படிம்மா தெரியும்?”

கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு வெளிய வந்து எட்டிப் பாத்துட்டுப் போயி மத்ததுக்குச் சொல்லுமோ என்னவோ.”

அந்த ஒரு வாக்கியம் என்னை இந்த வாரம் முழுக்க விடவில்லை. ஏனென்றால், மதுரையில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு குகையில் இதே கேள்வியோடு இறங்கியிருக்கிறார்கள். விடையும் கண்டிருக்கிறார்கள்.

அங்கே போகுமுன் ஒரு செடி. 1729இல் பிரான்சில் தெ மேரான் என்ற வானியலாளர், தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது, வெயில் படாமலேயே. செடிக்குள் கடிகாரம் இருக்கிறது என்று நீங்களும் நானும் உடனே சொல்லிவிடுவோம். அவர் சொல்லவில்லை. சூரியனைப் பார்க்காமலே செடி அதை உணர்கிறதோ என்றுதான் நினைத்தார். அந்த இடத்தில் அது நியாயமான ஐயம். நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சுவரைத் தாண்டி வந்து செடிக்குச் சேதி சொல்லலாமே?

ஐயத்தைப் போக்க நூறு ஆண்டு ஆயிற்று. 1832இல் தெ கண்டோல் என்ற தாவரவியலாளர் அதே வகைச் செடியைத் தொடர்ந்த வெளிச்சத்தில் வைத்து நேரம் குறித்தார். இலைகளின் ஒரு சுற்று 24 மணி நேரமாக இல்லை. 22, 23 மணி நேரத்திலேயே முடிந்தது. நாளுக்கு நாள் செடி முந்திக்கொண்டே போனது. இதை முதன்முதலில் படித்த நாளில் என்னால் உட்கார முடியவில்லை. வெளியிலிருந்து சூரியனோ பூமியோ சேதி சொல்லியிருந்தால் கணக்கு 24க்குச் சரியாக நிற்க வேண்டும். செடி தவறாக மணி காட்டியது. அந்தத் தவறுதான், கடிகாரம் அதற்கே சொந்தம் என்பதற்குச் சாட்சி. நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்று பெயரே வைத்திருக்கிறோம், புளிய மரம் ராத்திரியில் இலை கூம்புவதும் தெரியும். கவனித்தவர்கள் நாம். இருட்டில் வைத்துப் பார்ப்போமே என்று கேட்பது அதற்கு அடுத்த படி.

இப்போது மதுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, ஜெர்மனியில் எர்வின் ப்யூன்னிங்கிடம் உயிரியல் கடிகாரம் பயின்ற எம்.கே. சந்திரசேகரன், 1970களின் நடுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வௌவால்கள் வாழும் குகைகள் பக்கத்திலேயே இருந்தன. மாரிமுத்து, சுப்பராஜ் இருவரோடும் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்டது இலைமூக்கு வௌவால். (மனிதர்களைக் கடிகாரமில்லாத அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்தும் அவர் ஆராய்ந்தார். அதற்குத் தனி வாரமே வேண்டும்.)

ஒளி எட்டாத குகையின் உட்புறத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். சுற்றிலும் அதன் இனம் வழக்கம்போல் மாலையில் வெளியேறித் திரும்பிக்கொண்டிருந்தது. கூண்டிலிருந்தது வெளியே போகவே முடியாவிட்டாலும் அவற்றோடு நேரம் பிசகாமல் படபடத்தது. பிறகு வௌவால்களே இல்லாத குகையில் ஒன்றைத் தனியே வைத்தார்கள். அதன் நேரம் தெ கண்டோலின் செடியைப் போலவே ஊர் நேரத்தை விட்டு விலகி ஓடியது. உள்ளே கடிகாரம் உண்டு, அதைத் தினமும் திருத்துவது கூட்டம். வாசல்வரை பறந்து வெளிச்சம் பார்த்துத் திரும்பும் வௌவால்களும் உண்டு. ஆட்டுக்கார அம்மாவின் ஊகம் இலக்கை எவ்வளவு நெருங்கிவிட்டது பாருங்கள்!

முடிவுகள் 1978இலும் 1981இலும் வெளியாயின. அவர்கள் அத்தோடு விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். கூட்டம் திருத்துகிறது என்றால் எந்தக் கூட்டமும் திருத்துமா? குகையின் காற்றோ சூடோ எதையாவது சொல்லியிருந்தால்? வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவால் ஒன்றை இலைமூக்கு வௌவால்களின் குகையில் வைத்தார்கள். அதே இருட்டு, அதே காற்று, அதே சிறகோசை. அதன் கடிகாரம் திருந்தவில்லை. 1985இல் அதையும் எழுதினார்கள். சரியாக வந்த விடையை மறுபடி சந்தேகித்து, அது பொய்யாகக்கூடிய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பது இதுதான். வௌவாலிடம் வாயால் கேட்க முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் அது பதில் சொல்லும். உயிர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல நமக்கு வேறு வழி கிடைத்ததில்லை.

கோட்பாடு அடுத்த வாரம். அதற்குள் உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலோ பாழடைந்த கட்டடத்திலோ வௌவால் இருந்தால், தள்ளி நின்று, முதல் வௌவால் கிளம்பும் நேரத்தை ஏழு நாள் குறியுங்கள். பக்கத்திலேயே அன்றைய சூரிய மறைவு நேரத்தையும் எழுதுங்கள். உள்ளே போக வேண்டாம், தொட வேண்டாம். மேகம் மூடிய நாள் ஒன்று இடையில் வந்தால் அதைத் தவறாமல் குறித்து அனுப்புங்கள்.