காளானுக்கு வந்த பகை

சேலம், நாமக்கல் சமவெளியின் வெயிலையும் பொறுத்து வளர்வது பால் காளான். 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஏ.பி.கே. 2’ ரகத்தை வீட்டுக் கொட்டகையிலேயே பயிரிடலாம். ஆயின், வைக்கோற் பையில் பச்சை நிறம் படர்ந்தால் முதலுக்கே மோசம். அதுதான் டிரைக்கோடெர்மா என்னும் பூசணம். விந்தை யாதெனில், நம் மஞ்சள் வயல்களில் கிழங்கழுகலைத் தடுப்பதும் இதன் இனமே! காளானும் பூசண வர்க்கமாதலின், ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் வருத்தும். ஆகவே சுத்தமே சிறந்த மருந்து என்போம். வைக்கோலை ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் உலர்த்தி, கைகழுவிய பின்னரே வித்திடுக. பச்சை கண்ட பையை அசைக்காமல் மூடி, தொலைவில் கொண்டுபோய்ப் புதைத்துவிடுக. வயலுக்கு டிரைக்கோடெர்மா இட்ட கையோடு கொட்டகைக்குள் நுழையலாகாது. வயலில் நண்பனாயினும் அங்கே அவன் பகைவனல்லவா?